13 குணங்களும் ஒரு செருப்புச் சத்தமும்

அப்பா வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு ராத்திரி எப்படிப் போகும் என்று எனக்குச் சொல்லத் தெரியும். நிதானமாக இருக்கிற நாளில் டப், டப் என்று இரண்டும் அடுத்தடுத்து விழும். குடித்திருந்தால் முதல் செருப்பு விழுந்ததும் ஒரு இடைவெளி வரும். அந்த இடைவெளியில் உள்ளங்கை சுவரைத் தடவுகிற சத்தம் லேசாகக் கேட்கும், அப்புறம்தான் இரண்டாவது செருப்பு. இடைவெளி எவ்வளவு நீளம் என்பதுதான் கணக்கு. கொஞ்ச நேரம் என்றால் பழைய கதை, யாரையாவது ஒரு திட்டு, தூக்கம். நீளம் என்றால் நான் எழுந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, தம்பியிடமும் தங்கையிடமும் "தூங்குங்க, ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவேன். எட்டு வயதில் வாய்ப்பாட்டை விட இந்தக் கணக்கு எனக்குச் சுலபமாக வந்தது. இரண்டாவது செருப்பு விழவே விழாத நாள் என்று ஒன்று உண்டு, அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

முப்பத்து நாலு வயதில் ஒரு ராத்திரி, தூக்கம் வராமல் போனைத் தள்ளிக்கொண்டே இருந்தபோது அந்தப் பட்டியல் கண்ணில் பட்டது. குடிநோயாளிகளின் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகு எப்படி இருப்பார்கள் என்று 13 குணங்கள். இயல்பாக நடந்துகொள்வது என்றால் என்னவென்று தெரியாமல் ஊகித்து ஊகித்தே நடப்பார்களாம். தங்களைத் தாங்களே ஈவிரக்கமில்லாமல் எடை போடுவார்களாம். கைமீறிய மாற்றம் ஏதாவது வந்தால் அளவுக்கு மீறிப் பதறுவார்களாம், யாராவது மெச்ச மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டே இருப்பார்களாம், தகுதியே இல்லாதவர்களிடமும் விசுவாசமாக இருப்பார்களாம். படிக்கப் படிக்க உடம்பெல்லாம் சில்லிட்டது. யாரோ என் வீட்டுக்குள் வந்து, ஒரு மூலையில் உட்கார்ந்து, முப்பது வருடம் என்னையே பார்த்துக் குறிப்பெடுத்த மாதிரி இருந்தது. எழுந்து உட்கார்ந்து அழுதேன். கணவர் விழித்துக்கொண்டு "என்னாச்சு?" என்றார். "ஒண்ணுமில்ல, கண்ணுல தூசி" என்றேன். உண்மையைச் சொல்வதும் அதே அளவு சுலபமாக இருக்கும்போது கூடப் பொய் சொல்வார்கள் என்பது அந்தப் பட்டியலில் மூன்றாவது.

அடுத்த ஏழெட்டு மாதம் நான் அந்தப் பட்டியலாகவே வாழ்ந்தேன் என்று சொல்ல வேண்டும். ஏசிஓஏ என்று சுருக்கமாகச் சொல்வார்கள், 'குடிநோயாளிகளின் வளர்ந்த பிள்ளைகள்' என்பதற்கு ஆங்கிலச் சுருக்கம். நான் ஒரு ஏசிஓஏ. அதனால்தான் மேலதிகாரி "கொஞ்சம் பேசணும், வாங்க" என்றால் வயிறு கலங்குகிறது. அதனால்தான் கணவர் பத்து நிமிடம் பேசாமல் இருந்தால் "கோபமா? என் மேலயா?" என்று ஏழு தடவை கேட்டு, கடைசியில் உண்மையாகவே அவருக்குக் கோபம் வரவைத்துவிட்டு ஓய்கிறேன். எந்த இடத்துக்கும் அரை மணி நேரம் முன்னாலேயே போய் நிற்பதும், காய்ச்சல் வந்தால் கூட விடுப்பு கேட்கக் கூச்சப்படுவதும், நாற்காலியில் முட்டிக்கொண்டால் நாற்காலியிடம் "சாரி" சொல்வதும் அதனால்தான். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் கிடைத்துவிட்டது. அந்த நிம்மதி சாதாரண நிம்மதி இல்லை, அதை நான் இன்றைக்கும் கேலி செய்ய மாட்டேன். நான் கோளாறான பிறவி என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, இது ஊர் உலகத்தில் பல பேருக்கு இருக்கிறது, இதற்கொரு பெயர் கூட இருக்கிறது என்று தெரிவது பெரிய விஷயம்.

ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். இந்தப் பெயர் எனக்குப் புதிது இல்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கூடப் படித்த ஒருத்தியின் அம்மா என் காது படவே சொன்னார், "அந்தக் குடிகாரன் பொண்ணு கூடச் சேராதே." அதற்கப்புறம் வகுப்பில் சண்டை வந்தால் கடைசி ஆயுதம் அதுதான். கணக்கில் நான் எவ்வளவு மார்க் வாங்கியிருந்தாலும் அந்த மூன்று சொல் போதும், வாயடைத்துப் போவேன். அந்தப் பெயரைத் தேய்த்துத் தேய்த்து அழிக்க இருபது வருடம் ஆனது. படித்து, வேலைக்குப் போய், தனியாக நின்று, யாருக்கும் தெரியாமல் மறைத்துவைத்து... அப்புறம் ஒரு நடுராத்திரியில் அதே பெயரை நானே எடுத்து மாட்டிக்கொண்டு, கண்ணாடியில் பார்த்து அழகாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். குடிகாரன் பொண்ணு என்றால் வசவு, ஏசிஓஏ என்றால் விளக்கம். வசவைப் போட்டவர்கள் மற்றவர்கள், விளக்கத்தைப் போட்டுக்கொண்டது நான். இந்த வித்தியாசம் பெரிதுதான், ஆனால் நான் நினைத்த அளவு பெரிதா என்று இப்போது சந்தேகம்.

இந்தப் பட்டியல்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்தேன் (எதையும் பாதியில் விட்டுவிடுவார்கள் என்பது இரண்டாவது குணம், அது எனக்குப் பொருந்தவில்லை, இதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்). குடியை விட நினைப்பவர்களுக்கான ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்கள் அமெரிக்காவில் 1935-ல் ஆரம்பித்தன. அவர்களுடைய குடும்பத்தாருக்கு அல்-அனான் வந்தது 1951-ல். வீட்டில் இருக்கும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கென்று அலட்டீன் 1957-ல். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, அலட்டீனுக்கு வயது தாண்டி, போக இடமில்லாமல் நின்றார்கள். அப்படி நின்றவர்கள் சிலர் நியூயார்க்கில் கூடியதிலிருந்துதான் இந்த இயக்கம் கிளம்பியது. டோனி ஏ. என்று மட்டும் அறியப்பட்ட ஒருவர் 1978-ல் 14 குணங்களை எழுதி அவர்களிடம் வாசித்தார். சலவைக்குப் போடுகிற துணிக் கணக்கு மாதிரி 'லாண்ட்ரி லிஸ்ட்' என்று அதற்குப் பெயர் நின்றுவிட்டது. அதிகாரத்தில் இருப்பவர்களைக் கண்டால் பயம், கோபக்காரர்களைக் கண்டால் நடுக்கம், பரிதாபத்தையும் அன்பையும் குழப்பிக்கொள்வது எல்லாம் அதில் வரும். நான் படித்த 13 வேறு, அது ஜேனட் வோய்டிட்ஸ் 1983-ல் வெளியிட்ட புத்தகத்திலிருந்து வந்தது. யாருக்கு முதலில் கவனிப்பு கிடைத்தது, யாருக்குக் கடைசியில் கிடைத்தது என்று அந்த வருடங்களை வரிசையாகப் பாருங்கள். 1935-லிருந்து 1978 வரை. குடித்தவருக்கு, மனைவிக்கு, சின்னப் பிள்ளைக்கு, கடைசியில் தலை நரைக்க ஆரம்பித்த பிள்ளைக்கு. எங்கள் வீட்டிலும் இதே வரிசைதான்.

அதே காலத்தில் ஷரன் வெக்‌ஷைடர்-குரூஸ் என்பவர் இப்படிப்பட்ட குடும்பங்களில் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளும் வேடங்கள் என்று சொல்லியிருந்தார். குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றும் நாயகன், எல்லாப் பழியையும் தலையில் வாங்குகிற பலியாடு, இருக்கிற இடமே தெரியாமல் ஒதுங்கும் தொலைந்த குழந்தை, சிரிக்கவைத்தே சமாளிக்கிற கோமாளி. இதைப் படித்த உற்சாகத்தில் நாங்கள் மூன்று பேரும் இருக்கும் வாட்ஸப் குழுவில் பாத்திரம் பிரித்துப் போட்டேன். நான் நாயகி, தம்பி பலியாடு, தங்கை தொலைந்த குழந்தை. ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் தம்பி எழுதினான், "ஒரு ஆள் குறையுதே அக்கா, கோமாளிக்கு யாரைப் போடறது?" தங்கை எழுதியது இன்னும் சுருக்கம். "உனக்கு எல்லாத்துக்கும் ஒரு பேரு வேணும்." சரி, அவளுக்குப் புரியவில்லை, மறுப்பும் இந்த நோயின் ஒரு அறிகுறிதானே என்று நினைத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டாலும் சரி, மறுத்தாலும் சரி, இரண்டுமே எனக்குச் சான்று. இப்படிப்பட்ட வாதத்தில் யாராலும் தோற்க முடியாது.

தோற்கடித்தது அலுவலகத்தில் பக்கத்து இருக்கைத் தோழி. அவளிடம் என் பட்டியலைக் காட்டினேன், என்னைப் பற்றி அவளுக்குப் புரியட்டும் என்றுதான். தலைப்பைக் காட்டாமல் குணங்களை மட்டும் காட்டினேன். மெதுவாகப் படித்தாள். முகம் மாறியது. "இதை யார் என்னைப் பத்தி எழுதினது?" என்றாள். அவள் அப்பா மது வாசனையே அறியாதவர், நான் பார்த்திருக்கிறேன், ராத்திரி ஒன்பது மணிக்குப் படுக்கையை உதறிப் போட்டுத் தூங்கிவிடுகிற மனிதர். அவளுக்கு 13-ல் பத்து பொருந்தியது. எனக்கு ஒன்பது.

நான் அன்றைக்கு அறியாமல் செய்த சோதனையைப் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் எப்போதோ செய்துவிட்டார். தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு ஆளுமைத் தேர்வு வைத்து, ஒரு வாரம் கழித்து ஆளுக்கொரு அறிக்கை கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே அறிக்கை, அதிலிருந்த வாக்கியங்களைப் பெரும்பாலும் கடையில் விற்கிற ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். 1949-ல் இதை வெளியிட்டார். மற்றவர்கள் உங்களை விரும்ப வேண்டும் என்ற ஏக்கம் உங்களுக்கு உண்டு, உங்களை நீங்களே அதிகம் குறை சொல்லிக்கொள்வீர்கள் என்கிற மாதிரியான வாக்கியங்கள் அவை. படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. இரண்டும் என் 13-லும் இருக்கின்றன!

1992-ல் லோக், ஷெர், ஃப்ரென்ஷ் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதை நேராக எங்கள் பட்டியலிலேயே சோதித்துப் பார்த்தார்கள். குடிநோயாளிகளின் பிள்ளைகளுக்கு உண்டு என்று சொல்லப்படும் குணங்களை வைத்து எழுதிய விவரிப்பைக் குடிநோயாளிகளின் பிள்ளைகளிடமும் கொடுத்தார்கள், மற்றவர்களிடமும் கொடுத்தார்கள். இரண்டு தரப்பும் "ஆமாம், இது என்னைப் பற்றித்தான்" என்றார்கள். அதைப் படித்துவிட்டுத் திரும்பவும் 13-ஐ எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. 'மிதமிஞ்சிய பொறுப்புணர்ச்சி உள்ளவர்கள், அல்லது பொறுப்பே இல்லாதவர்கள்' என்று ஒன்று இருக்கிறது. மழை வரலாம், வராமலும் போகலாம் என்கிற ரகம். ராசிபலன் எழுதுகிறவர் கூட இவ்வளவு பாதுகாப்பாக எழுத மாட்டார்.

அப்போது அந்த ராத்திரி நான் அழுதது பொய்யா? இந்தக் கேள்வியில் நான் ரொம்ப நாள் நின்றேன். கொஞ்சம் அவமானமாகக் கூட இருந்தது, ஏதோ மோசடியில் காசு கொடுத்து ஏமாந்த மாதிரி. இப்போது அப்படித் தோன்றவில்லை. பட்டியல் எல்லோருக்கும் பொருந்தும் என்பதால் எங்கள் வீட்டில் எதுவும் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. 1998-ல் ஃபெலிட்டி, ஆண்டா குழுவினர் வெளியிட்ட ஆய்வில், சின்ன வயதில் அனுபவித்த கஷ்டங்களுக்கும் வளர்ந்த பிறகு வரும் உடல், மன நோய்களுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள். குடிப் பிரச்சினை உள்ளவரோடு ஒரே வீட்டில் வளர்வது அந்தக் கஷ்டங்களின் கணக்கில் சேர்ந்தது. கஷ்டங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேரச் சேர ஆபத்தும் ஏறியது. பாதிப்பு உண்டு. ஆனால் அது 13 வரிகளில் அச்சடித்த ஒரே சட்டையாக எல்லோருக்கும் வருவதில்லை. கோபக்காரரைக் கண்டால் யாருக்குத்தான் பயமில்லை? என் தோழிக்கும் பயம்தான். எனக்கு அந்தப் பயம் செருப்பு வழியாக வந்தது, அவளுக்கு வேறு எதன் வழியாகவோ. பட்டியல் பயத்தைச் சொன்னது, வந்த வழியைச் சொல்லவில்லை. நான் அழுதது வந்த வழியை நினைத்துத்தான் என்று இப்போது படுகிறது.

பெயரால் வந்த தொந்தரவு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஏழெட்டு மாதத்தில் ஒரு ஆலோசகரிடம் போனேன். நல்ல மனிதர்தான். முதல் நாளே, உட்கார்ந்த உடனே, "நான் ஒரு ஏசிஓஏ" என்று ஆரம்பித்துவிட்டேன். அதற்கப்புறம் நான் எதைச் சொன்னாலும் அவர் தலையை மெல்ல ஆட்டி "ம்ம், அதான்" என்பார். வேலையில் என் மேல் நியாயமில்லாமல் ஒருவர் பழி போட்டதைச் சொன்னேன். "ம்ம், அதிகாரத்தில் இருப்பவர்கள் மேல் உங்களுக்கு இருக்கும் பயம்" என்றார். ஐயா, பயமில்லை, அந்த ஆள் உண்மையிலேயே செய்தார், என்னிடம் மின்னஞ்சல் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. நான்தான் பெயர்ப் பலகையை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன், அவர் பலகையோடு பேசினார். மேலே சொன்ன அதே ஷெர், பர்க் என்பவரோடு சேர்ந்து 1990-ல் எழுதிய ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரு பதின்வயதுப் பிள்ளை குடிநோயாளியின் பிள்ளை என்று சொல்லிவிட்டால், மனநலத் துறையில் இருப்பவர்களே அந்தப் பிள்ளையிடம் கோளாறு அதிகமாக இருப்பதாகப் பார்த்தார்கள். பிள்ளை நன்றாக, கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்வதாகக் காட்டியபோதும் அப்படித்தான். கூடப் படிக்கும் வயதுப் பிள்ளைகளும் அந்தப் பெயரைக் கேட்டதுமே மட்டமாகத்தான் மதிப்பிட்டார்கள். எனக்கு அந்தப் பள்ளிக்கூடத் தோழியின் அம்மா ஞாபகம் வந்தார்.

இன்னொன்று, இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. பெயர் என் ஞாபகங்களைத் தொட ஆரம்பித்துவிட்டது. ஒரு கல்லுக்கு நாம் என்ன பெயர் வைத்தாலும் கல்லுக்கு ஒன்றுமில்லை, அது பாட்டுக்குக் கிடக்கும். மனிதர்களுக்கு ஒரு பெயர் வைத்தால் அவர்கள் அந்தப் பெயரைப் படித்துவிட்டு அதற்கேற்றபடி மாறுகிறார்கள், அப்புறம் பெயரும் மாற வேண்டியிருக்கிறது, இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று கனடாவின் தத்துவவாதி இயன் ஹாக்கிங் சொல்லியிருக்கிறார். எனக்கு நடந்தது அச்சாக அதுதான். பட்டியலுக்குப் பொருந்துகிற ஞாபகங்கள் பெரிதாகிக்கொண்டே போயின, பொருந்தாதவை ஒவ்வொன்றாக இருட்டுக்குள் போயின.

இருட்டுக்குப் போனதில் ஒன்று பென்சில். காலையில் நாங்கள் பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன்னால் அப்பா மூன்று பேருடைய பென்சில்களையும் வாங்கி வரிசையாகத் தரையில் வைத்து பிளேடால் சீவித் தருவார். காலையில் அவருக்குக் கை நடுங்கும். இரவெல்லாம் ஏறியிருந்த மது உடம்பில் இறங்க இறங்க வருகிற நடுக்கம் அது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன், அப்போது அவருக்குக் குளிர்கிறது என்று நினைப்பேன். நடுங்குகிற கையோடு பிளேடைப் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு சீவலுக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்திச் சீவுவார். கூர் எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். நான் பள்ளிக்கூடம் போனதும் யாரும் பார்ப்பதற்குள் ஷார்ப்பனர் போட்டுத் திருப்பிச் சீவிவிடுவேன். 13 குணங்களில் எந்த இடத்தில் இந்தப் பென்சிலை வைப்பது? ஏழெட்டு மாதம் இது எனக்கு நினைவுக்கே வரவில்லை. வந்ததும் பெட்டியில் கிடந்த ஒரு கடிதத்தைக் கரையான் அரிப்பதற்குள் மீட்ட மாதிரி இருந்தது.

தம்பி விஷயம் வேறு. அவனுக்குக் குணம், வேடம் எதுவும் கவலையில்லை, ஒரே ஒரு பயம்தான், நானும் அப்படி ஆகிவிடுவேனா என்று. இது பட்டியல் மாதிரி காற்றில் விட்ட வார்த்தை இல்லை. டென்மார்க்கில், பிறந்த சில வாரங்களிலேயே தத்துக் கொடுக்கப்பட்ட ஆண்பிள்ளைகளை வைத்து டொனால்ட் குட்வின் குழுவினர் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், பெற்ற தகப்பனோ தாயோ குடிநோயாளியாக இருந்தவர்களில் 18 சதவீதம் பேர் குடிநோயாளிகள் ஆனார்கள், மற்றத் தத்துப்பிள்ளைகளில் 5 சதவீதம். வளர்த்த வீடு வேறாக இருந்தும் இப்படி. பெற்றவர் கண்ணிலேயே படாத பிள்ளைக்கும் ஏதோ ஒன்று கூடவே வந்திருக்கிறது. இதைத் தம்பிக்குச் சொன்னபோது அவன் 18-ஐக் கேட்கவில்லை. "அப்ப மீதி 82?" என்றான். எனக்கு அது தோன்றவே இல்லை. நான் எப்போதும் 18-ல் உட்கார்ந்துதான் கணக்குப் போடுவேன்.

ஹவாயில் கவாய் என்ற தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். அவர்களில் குடிநோயாளிகளின் பிள்ளைகள் 49 பேர். பதினெட்டு வயதுக்குள் பெரிய பிரச்சினைகள் வந்தவர்கள் 41 சதவீதம், வராமல் நன்றாகவே சமாளித்தவர்கள் 59 சதவீதம். நன்றாக இருந்தவர்களுக்கு முதல் வருடத்தில் வளர்த்தவர்களின் கவனிப்பு நிறையக் கிடைத்திருந்தது, முதல் இரண்டு வருடத்துக்குள் இன்னொரு குழந்தை பிறக்கவில்லை என்கிற மாதிரிச் சில விஷயங்கள் இருந்தன. எங்கள் வீட்டில் எனக்கும் தம்பிக்கும் ஒன்றரை வயதுதான் வித்தியாசம், ஆக அதிலும் நான் தேறவில்லை என்று முதலில் கணக்குப் போட்டேன். பாருங்கள், ஒரு பட்டியலிலிருந்து தப்பித்து அடுத்த பட்டியலில் போய் விழுகிறேன். இந்தப் பழக்கத்துக்கு மட்டும் யாராவது ஒரு பெயர் வைக்கலாம்.

இப்போது நான் எப்படிச் சொல்கிறேன் என்றால், டாக்டர் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், "எங்க அப்பாவுக்குக் குடிநோய் இருந்துச்சு." அங்கே அது தேவையான தகவல். வாரத்துக்கு ஒரு நாள் இணையத்தில் நடக்கும் கூட்டத்துக்கு இன்றைக்கும் போகிறேன், அங்கே எல்லோரும் தங்களை அந்தப் பெயரோடு அறிமுகம் செய்துகொள்வார்கள், நானும் செய்துகொள்கிறேன். அந்த அறைக்குள் அது அடையாளச் சீட்டு மாதிரி, உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரிடமும் அதே சீட்டு இருப்பதால் யாரும் யாரையும் அதை வைத்து அளப்பதில்லை. பேச ஆரம்பித்த ஐந்தாவது நிமிடத்தில் ஒருவர் தன் வீட்டுக் கதவைப் பற்றிச் சொல்வார், இன்னொருவர் கார் சத்தத்தைப் பற்றிச் சொல்வார், பெயர் மறந்துவிடும். அதற்காகத்தான் போகிறேன். வெளியே வந்தால் கழற்றி வைத்துவிடுகிறேன். மற்றவர்களிடம் பேச்சு வந்தால் "எங்க அப்பா குடிப்பார்" என்று மட்டும் சொல்கிறேன். அது அவரைப் பற்றிய வாக்கியம், என்னைப் பற்றியது இல்லை. (அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. இன்னும் 'குடித்தார்' என்று எனக்கு வாயில் வருவதில்லை. நம் மொழியில் 'குடிப்பார்' என்பது முன்பு வழக்கமாகச் செய்ததற்கும் வரும், நாளைக்குச் செய்யப் போவதற்கும் வரும். சின்ன வயதில் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.)

போன மாதம் தங்கை வந்திருந்தாள். ராத்திரி இரண்டு பேரும் விளக்கை அணைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். செருப்புச் சத்தத்தைப் பற்றி முதல் தடவையாக அவளிடம் சொன்னேன், அந்த இடைவெளி, சுவரைத் தடவுகிற கை, எல்லாம். அவளும் அதைத்தான் கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள் என்று இத்தனை வருடமாக நினைத்திருந்தேன்.

"என்ன சத்தம்?" என்றாள். "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லையே. நான் உன் முகத்தைத்தானே பார்ப்பேன். நீ எட்டிப் பார்த்துட்டுத் திரும்பி வருவல்ல, அப்ப."

"என் முகத்துல என்ன இருக்கும்?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "சாதாரணமா வந்தேன்னா நான் தூங்கிருவேன். சில நாள் சிரிச்சுக்கிட்டே வருவ. அன்னிக்குத்தான் பயமா இருக்கும்."